தோட்டப்பாளையத்து மூஞ்சூறு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த ‘ம்ம்’களையும், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தையும் வெட்டிட்டோம். மத்தபடி பேசினது பேசினபடியே.)

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல ஒரு கோட்டையையோ கல்வெட்டையோ எடுத்துக்கிட்டு உட்காருவோம். இன்னைக்கு ஒரு மூஞ்சூறு. சிரிக்காதீங்க, இந்த மூஞ்சூறு பேர்ல பாதி இருக்கிற ஒரு வைரஸ் பேரினமே இன்னைக்கு உலக அறிவியல் பட்டியல்ல இருக்கு. அது பிடிபட்ட இடம் வேலூர். நான் அங்க போய்ச் சேர்ந்த வழி மட்டும் கொஞ்சம் சுத்து. பெரம்பலூர் வழியா போகணும்.

எங்க அப்பா ஊர் வேப்பந்தட்டை பக்கம். பெரம்பலூர் மாவட்டம். அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும்: கரிசல் மண், பருத்தி, சின்ன வெங்காயம், எல்லாத்துக்கும் மேல மக்காச்சோளம். அறுவடை சமயத்துல பாதி ரோட்டை அடைச்சு மக்காச்சோளம் காய வெச்சிருப்பாங்க, பஸ் டிரைவர் திட்டிக்கிட்டே ஒதுங்கிப் போவார். சோளம் இருக்கிற இடத்துல எலி இருக்கும். மூட்டை அடுக்கின அறைக்குள்ள ராத்திரி டார்ச் அடிச்சா ஓடுற சத்தம் கேட்கும். சின்ன வயசுல லீவுக்குப் போகும்போது எனக்கு அது ஒரு விளையாட்டு.

போன டிசம்பர்ல எங்க பெரியம்மாவுக்குக் காய்ச்சல். வயசு ஐம்பத்தெட்டு. காட்டுல களை எடுத்துட்டு வந்தவங்க படுத்துட்டாங்க. முதல் மூணு நாள் ஊர்ப் பக்கத்து கிளினிக்ல ஊசி, மாத்திரை. ‘வைரஸ் காய்ச்சல், தானா போயிடும்.’ நாலாவது நாள் தலைவலி தாங்க முடியல, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க, இல்லைன்னு வந்தது. பிளேட்லெட் மட்டும் குறைஞ்சிருந்தது. ஆறாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. பெரம்பலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து நிமோனியான்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே திருச்சிக்கு ஆம்புலன்ஸ்.

நான் பெங்களூர்லேருந்து பஸ் பிடிச்சு வந்தேன். வழியெல்லாம் ஃபோன்ல தேடல்தான். நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு இல்லையா? லாக்ல ஒரு எரர் வந்தா அதை அப்படியே காப்பி பண்ணித் தேடுவோம், முதல்ல வர்ற பதிலை நம்பிடுவோம். நானும் அப்படித்தான். காய்ச்சல், உடம்பு வலி, பிளேட்லெட் குறைவு, ரெண்டு நுரையீரலும் வெள்ளையா எக்ஸ்ரே, வீட்டுல எலி. தேடிப் பார்த்தா வந்த பதில் ஹான்டா வைரஸ்.

அந்தப் பேர் ஏற்கெனவே மண்டையில இருந்தது. 2025 பிப்ரவரியில நடிகர் ஜீன் ஹாக்மனும் அவர் மனைவி பெட்ஸி அரகாவாவும் நியூ மெக்சிகோ வீட்டுல இறந்து கிடந்த செய்தி ஞாபகம் இருக்கா? அந்த அம்மா இறந்தது ஹான்டா வைரஸ் நுரையீரல் நோயாலதான். அதுக்கு முன்னாடி 2020 மார்ச்ல, கொரோனா பயத்தோட உச்சத்துல, சீனாவுல ஒருத்தர் பஸ்ஸுல இறந்துட்டார், அவருக்கு ஹான்டா இருந்ததுன்னு ஒரு செய்தி வந்து, உலகமே ‘அடுத்தது வந்துடுச்சு’ன்னு டிரெண்ட் பண்ணினது. அது புது வைரஸும் இல்ல, அப்படிப் பரவுற வைரஸும் இல்ல. ஆனா பேர் மனசுல ஒட்டிக்கிச்சு.

திருச்சியில வார்டுக்கு வெளிய ஒரு டாக்டரைப் பிடிச்சேன். இளம் டாக்டர், பிஜி படிக்கிறவங்க, என் வயசுதான் இருக்கும். ‘மேடம், இது ஹான்டா வைரஸா இருக்குமா?’ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். ‘எலி இருக்கான்னு யோசிச்சீங்க பாருங்க, அது சரி. ஆனா முதல்ல வேற ஒண்ணு பார்க்கணும்’னு சொல்லிட்டு, நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, திரை போட்டுட்டு உள்ள போனாங்க.

அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்தாங்க. பெரியம்மாவோட இடுப்புல, பாவாடை நாடா கட்டுற இடத்துல, சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. ஒரு சின்னப் பட்டன் அளவு. ஆறு நாளா அது அங்கேயே இருந்திருக்கு. மூணு இடத்துல பார்த்த யாரும் புடவையை விலக்கிப் பார்க்கல. பெரியம்மாவும் சொல்லல. அப்புறம் கேட்டப்போ, ‘வலிச்சாத்தானேடா தம்பி சொல்லுவேன்’ன்னாங்க.

அது ஸ்க்ரப் டைஃபஸ். பத்திரிகைகள்ல உண்ணிக் காய்ச்சல்னு எழுதுறாங்க. ஆட்டு மேல பார்க்கிற பெரிய உண்ணி இல்ல இது. கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியோட குட்டிப் பருவம். புதர், புல், காட்டு ஓரத்துல இருக்கும், எலி மேல தொத்திக்கிட்டு வளரும், மனுஷன் குறுக்க வந்தா அவன் மேலயும் ஏறும். கடிச்ச இடத்துல வலிக்காத கறுப்புப் பொருக்கு. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ, இடுப்பு. துணி இறுக்குற இடத்துலதான் அதிகம். கிருமி ஒரு பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின் போட்டா கேட்கும், விலை ரொம்ப மலிவு. டெஸ்ட் முடிவு வர்றதுக்கு முன்னாடியே அன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டாம் நாள் காய்ச்சல் இறங்குச்சு. ஆக்சிஜன் மட்டும் ஒரு வாரம் தேவைப்பட்டுச்சு.

ஆக, நான் சொன்ன வியாதி தப்பு. ஆனா அந்த ஒரு வாரம் வராண்டாவுல உட்கார்ந்து, தப்பான அந்த வியாதியைப் பத்தியே படிச்சுக்கிட்டு இருந்தேன். அதுதான் இந்த எபிசோட்.

1993-லேருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவோட தென்மேற்குல நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டான்னு நாலு மாநிலமும் ஒரே புள்ளியில சந்திக்கும். அந்த இடத்துக்கு ‘நாலு மூலை’ன்னே பேர். நவஹோ பழங்குடி மக்கள் பெருவாரியா வாழ்ற பகுதி. வறண்ட பூமி, தூரத்துக்கு ஒரு வீடு, ஆஸ்பத்திரிக்கு மணிக்கணக்கா பயணம். அந்த வருஷம் மே மாசம் 14-ஆம் தேதி ஒரு இளைஞர் கார்ல போய்க்கிட்டு இருக்கும்போது மூச்சு விட முடியாம துடிச்சு, காலப் என்கிற ஊர் ஆஸ்பத்திரியில இறந்துபோறார். அவர் ஓட்டப்பந்தய வீரர். அவர் எங்க போய்க்கிட்டு இருந்தார் தெரியுமா? தன்னோட வருங்கால மனைவியின் இறுதிச் சடங்குக்கு. அந்தப் பொண்ணும் சில நாளுக்கு முன்னாடி அதே மாதிரி மூச்சுத் திணறி இறந்திருந்தா.

காலப்ல இருந்த இந்திய மருத்துவ மையத்துல புரூஸ் டெம்பெஸ்ட்னு ஒரு டாக்டர். அவர் செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. சுத்துவட்டாரத்துல இருக்கிற மத்த டாக்டர்களுக்கு ஃபோன் போட்டார். ‘நல்லா இருந்த இளவயசுக்காரங்க திடீர்னு நுரையீரல்ல தண்ணி கோர்த்து இறந்தது உங்க பக்கம் உண்டா?’ உண்டுன்னாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல. தனித்தனியா பார்த்த யாருக்கும் அது ஒரு கொத்துன்னு தோணல. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கேஸ், ‘காரணம் தெரியாத நிமோனியா’ன்னு ஒரு ஃபைல், அவ்வளவுதான்.

அட்லாண்டாவுல இருக்கிற அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், சிடிசி, இறங்கினது. பிளேக்கா, காய்ச்சலா, ஏதாவது விஷமான்னு எல்லாத்தையும் பார்த்தாங்க. ரத்த மாதிரிகளைத் தங்ககிட்ட இருந்த வைரஸ் பட்டியலோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டப்போ, யாருமே எதிர்பார்க்காத ஒண்ணோட பொருந்திச்சு. அது ஹான்டா வைரஸ் குடும்பம்.

இங்க கொரியாவுக்கு ஒரு எட்டு போகணும். 1951-லேருந்து 1954-க்குள்ள, கொரியப் போர்ல ஐ.நா. படையினர் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு மர்மக் காய்ச்சல். ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு. காரணத்தைக் கண்டுபிடிக்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1976-ல் லீ ஹோ வாங் என்கிற கொரிய விஞ்ஞானி, வயல்ல பிடிச்ச வரிச் சுண்டெலியோட நுரையீரல்ல அந்தக் கிருமி இருக்கிறதைக் காட்டினார். பக்கத்துல ஓடுற ஹான்டான் ஆத்துப் பேரையே வெச்சார். உலகத்துக்குத் தெரிஞ்ச ஹான்டா இதுதான்: ஆசியா, ஐரோப்பா, சிறுநீரகம். அமெரிக்காவுல, அதுவும் நுரையீரலைத் தாக்கும்னு யாரும் நினைக்கல.

அதனால 1993-ல் அடுத்த வேலை எலி பிடிக்கிறது. ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் சுமார் 1,700 எலிகள். பெரும்பாலானது மான் சுண்டெலின்னு ஒரு வகை: பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பெரிய கண்ணு, பார்க்க அழகா இருக்கும். அதுல ஏறக்குறைய 30 சதவீதத்துக்குத் தொற்று இருந்தது. எலிக்கு ஒண்ணும் ஆகாது. அதோட சிறுநீர், புழுக்கை, எச்சில் காய்ஞ்சு தூசியாகி, அதை மனுஷன் மூச்சுல இழுத்தா வியாதி. பூட்டிக் கிடந்த ஷெட்டைப் பெருக்கினவங்க, தானியக் கிடங்கைச் சுத்தம் செஞ்சவங்கதான் அதிகம் மாட்டினாங்க.

ஏன் 1993? நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல எலிகளை வருஷக்கணக்கா எண்ணிக்கிட்டு இருந்த உயிரியலாளர்கள்கிட்ட பதில் இருந்தது. (எலி எண்ணுறதுக்கு எவன் பணம் தருவான்னு கேட்கிறவங்க கவனிங்க.) எல் நினோவால பல வருஷ வறட்சிக்குப் பின்னாடி நல்ல பனி, நல்ல மழை. பினியான்னு ஒரு பைன் மரக் கொட்டை எக்கச்சக்கமா காய்ச்சது. 1992 மே-லேருந்து 1993 மே-க்குள்ள சுண்டெலி பத்து மடங்கு ஆச்சு. இதையே நவஹோ பெரியவங்க வேற மொழியில சொன்னாங்க. பென் முனெட்டான்னு ஒரு நவஹோ டாக்டர் போய் மரபு வைத்தியர்கிட்ட கேட்டப்போ, மழை கூடி, கொட்டை பெருத்து, எலி பெருகுற வருஷத்துல இப்படிச் சாவு வரும், 1918-லயும் 1933-லயும் வந்ததுன்னு பதில் கிடைச்சது. எலி வீட்டுக்குள்ள வரக்கூடாது, அது தொட்ட துணியை எரிச்சுடணும்னு அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு விதி இருந்தது.

ஆனா பத்திரிகைகள் அதை ‘நவஹோ காய்ச்சல்’னு எழுதிட்டாங்க. நவஹோ குழந்தைகளைப் பார்த்து மத்தவங்க ஒதுங்கினாங்க, ஓட்டல்ல பரிமாறக் கையுறை போட்டாங்க. 2020-ல நம்ம தெருவுல ஒட்டின ஸ்டிக்கர் ஞாபகம் வருதா? வைரஸுக்கு அங்க இருந்த ஒரு பள்ளத்தாக்கோட பேரை வைக்கப் பார்த்தப்போ மக்கள் எதிர்த்தாங்க. கடைசியில ஸ்பானிஷ்ல ‘சின் நோம்ப்ரே’ன்னு வெச்சாங்க. அர்த்தம்: பெயரில்லாதது.

அந்த வைரஸ் புதுசும் இல்ல. அருங்காட்சியகத்துல உறைநிலையில வெச்சிருந்த பழைய எலித் திசுக்களை எடுத்துப் பார்த்தா அதுலயும் இருந்தது. யூட்டாவுல 1959-ல் இறந்த ஒருத்தர் வரைக்கும் பின்னோக்கிப் போய் உறுதி பண்ணினாங்க. அது அங்கேயேதான் இருந்திருக்கு.

சரி, டாக்டர்கள் அதை எப்படி அடையாளம் கண்டுபிடிச்சாங்க? முதல் சில நாள் காய்ச்சல், தொடை, முதுகு மாதிரி பெரிய தசைகள்ல கடும் வலி, வாந்தி, தலைவலி. மூக்கு ஒழுகாது, தொண்டை வலி பெருசா இருக்காது. இதுதான் ஜலதோஷத்துலேருந்து பிரிச்சுக் காட்டுற இடம். அப்புறம் இருமல், அதுக்கப்புறம் சில மணி நேரத்துலயே நுரையீரல் நிறையும். ரத்தத்துல பிளேட்லெட் இறங்கும், அதே சமயம் ரத்தம் கெட்டியாகும், ஏன்னா குழாய்லேருந்து நீர் கசிஞ்சு நுரையீரலுக்குள்ள போயிடுது. கிருமி உள்ள போனதுக்கும் காய்ச்சலுக்கும் நடுவுல 1 வாரத்துலேருந்து 8 வாரம் வரைக்கும் ஆகலாம். அதனால ‘நேத்து எலி பார்த்தீங்களா’ன்னு கேட்டா போதாது, ‘போன ரெண்டு மாசத்துல கிடங்கு, ஷெட், மூட்டை ஏதாவது சுத்தம் பண்ணீங்களா’ன்னு கேட்கணும். தனி மருந்து இல்ல. நேரத்தோட தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போறதுதான் வழி. அப்படியும் மூணுல ஒருத்தருக்கு மேல இறக்கிறாங்க. 2022 முடிய அமெரிக்காவுல பதிவானது மொத்தம் 864 கேஸ். அரிதான நோய்தான், வந்தா மோசம். தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் வைரஸ்னு ஒரு உறவுக்காரன் மட்டும் மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கும் பரவும். அர்ஜென்டினாவுல எபுயென் கிராமத்துல 2018-19-ல் 34 பேருக்கு வந்து 11 பேர் இறந்தாங்க.

இதெல்லாம் படிச்சுக்கிட்டே போகும்போது, ராத்திரி ஒரு மணி இருக்கும், ஒரு பட்டியல்ல கண்ணு நின்னது. ஹான்டா குடும்பத்து வைரஸ்களோட பட்டியல். எல்லாமே வெளிநாட்டுப் பேர்: ஹான்டான், சியோல், பூமாலா (இது பூ மாலை இல்ல, ஃபின்லாந்துல ஒரு ஊர்). நடுவுல ஒண்ணு: தோட்டப்பாளையம். நான் ரெண்டு தடவை படிச்சேன். வேலூர்ல என் காலேஜ் ஃப்ரெண்டு வீடு அந்தப் பக்கம்தான்.

கதை இது. 1952-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து புனேவுல வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்குறாங்க. இன்னைக்கு என்ஐவின்னு கொரோனா காலத்துல தினம் கேட்டோமே, அதேதான். கொசு, உண்ணி வழியா பரவுற வைரஸ்களைத் தேடுறது வேலை. அப்போ வட ஆற்காடு மாவட்டம் அவங்களுக்கு முக்கியமான இடம், ஏன்னா 1955-ல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவுல முதன்முதலா மனுஷங்ககிட்ட அடையாளம் காணப்பட்டது வேலூர்லதான். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. அதனால அங்க ஒரு களக் குழு இருந்தது. கொசு பிடிப்பாங்க, பறவை பிடிப்பாங்க, கையில கிடைக்கிற சின்னப் பிராணிகளையும் பிடிச்சுப் பார்ப்பாங்க.

1964. தோட்டப்பாளையத்துல ஒரு மூஞ்சூறு மாட்டுது. அதோட உடம்புலேருந்து ஒரு வைரஸ் பிரிச்செடுக்கிறாங்க. எந்தத் தெரிஞ்ச வைரஸோடயும் பொருந்தல. அதே வருஷம் சென்னையிலயும் வேலூர்லயும் சிக்குன்குனியா பெரிய அலையா வந்து, அதே குழு அதுல மூழ்கியிருந்தது. ஊர் முழுக்க மூட்டு வலியில முனகிக்கிட்டு இருக்கும்போது, ஒரு மூஞ்சூறோட கிருமிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? 1971-ல்தான் கேரி, ரூபன், பணிக்கர், ஷோப், மையர்ஸ் ஆகியோர் அதை ஒரு கட்டுரையா வெளியிட்டாங்க. கொசுவழி வைரஸா இருக்கலாம்னு ஒரு ஊகத்தோட. எங்க பாஷையில சொன்னா, டிக்கெட் போட்டாச்சு, வகை: மற்றவை, முன்னுரிமை: குறைவு.

கணக்கு போட்டுப் பாருங்க. கொரியாவுல லீ ஹோ வாங் ஹான்டான் வைரஸைக் காட்டினது 1976. வேலூர் வைரஸ் குப்பிக்குள்ள போனது 1964. பன்னிரண்டு வருஷம் முன்னாடி. அது ஹான்டா குடும்பம்னு எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்து உறுதி பண்ணினது 1989-ல். அதாவது மனுஷன் தனியா பிரிச்செடுத்த முதல் ஹான்டா வைரஸ் நம்ம வேலூர் வைரஸ், ஆனா அது யாருன்னு கால் நூற்றாண்டு யாருக்கும் தெரியாது. குடும்பத்துக்கு ஆத்துப் பேர் வந்துடுச்சு. இல்லைன்னா இன்னைக்கு செய்தியில ‘ஹாக்மன் மனைவி தோட்டா வைரஸால் இறப்பு’ன்னு வாசிச்சிருப்பாங்களோ என்னவோ. கொஞ்சம் ஆறுதல் இருக்கு. இப்போ அந்தக் குடும்பத்துல ஒரு பேரினத்துக்கு தொட்டிம்வைரஸ்னு பேர். தோட்டப்பாளையத்துலேருந்து ‘தொட்’, கொரியாவோட இம்ஜின் ஆத்துலேருந்து ‘இம்’.

ஒரு திருத்தம் இங்க சொல்லியாகணும். மூஞ்சூறு எலியே இல்ல. பிள்ளையாருக்குக் கீழ உட்கார்ந்திருக்கிறதால நாம எலிக் கூட்டத்துல சேர்த்துட்டோம். நீள மூக்கு, சின்னக் கண்ணு, அந்த ஒரு மாதிரி கஸ்தூரி நாத்தம். பூச்சி தின்கிற தனி இனம். அது தானியத்தைத் தொடாது, கரப்பான்பூச்சியைத் தின்னும். ஹான்டா எலிகள்கிட்ட மட்டும்தான் இருக்கும்னு உலகம் நம்பிக்கிட்டு இருந்த காலத்துல, இந்த வேலூர்க்காரன் மட்டும் பொருந்தாம நின்னுக்கிட்டு இருந்தான். அப்புறம் வௌவால், அகழெலின்னு பல பிராணிகள்ல கிடைக்க ஆரம்பிச்சதும்தான் அது விதிவிலக்கு இல்லைன்னு தெரிஞ்சது. இன்னொண்ணு, பயப்படாதீங்க: தோட்டப்பாளையம் வைரஸ் மனுஷனுக்கு நோய் கொடுக்கும்னு நிரூபணம் இல்ல. வீட்டுல கீச்சுக் கீச்சுன்னு ஓடுற மூஞ்சூறை அடிக்கத் தேவையில்லை.

அப்போ தமிழ்நாட்டுல மனுஷங்களுக்கு ஹான்டா வந்திருக்கா? வந்திருக்கு. சிஎம்சி-யில சாரா சாண்டி, பிரியா ஆபிரகாம், கோபாலன் ஸ்ரீதரன் இவங்க குழு 2005 வாக்குலேருந்து தேடினாங்க. யார்கிட்ட தேடினாங்க பாருங்க: எலிக்காய்ச்சல் சந்தேகத்துல வந்த நோயாளிகள், கிடங்குத் தொழிலாளர்கள், எலி பிடிக்கிற இருளர்கள். வயல்ல எலி பிடிக்கிற பழைய முறையைப் பார்த்திருக்கீங்களா? மண்பானைக்குள்ள வைக்கோல் போட்டுக் கொளுத்தி, வளை வாயில வெச்சு, இன்னொரு ஓட்டை வழியா வாயால ஊதிப் புகை போடணும். முகம் வளைக்கு ஒரு முழம் தூரத்துல இருக்கும். அந்த மக்கள்ல சிலர் ரத்தத்துல ஹான்டாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. ஊர் நெல்லைக் காப்பாத்துறவங்க மூச்சுல அது போயிருக்கு, அவங்களுக்கே தெரியாம. 2009-ல் காய்ச்சல் நோயாளிகள்கிட்ட மரபணுச் சான்றும் சேர்த்து வெளியிட்டாங்க.

ஆனா இப்போ சொல்லப்போற எண்தான் திருச்சி வராண்டாவுல என்னை அடக்கினது. அதே சிஎம்சி-யில, காரணம் புரியாத காய்ச்சலோட சேர்ந்த 398 பெரியவங்களைப் பார்த்து 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. ஸ்க்ரப் டைஃபஸ் 47.5 சதவீதம். மலேரியா 17.1. டைஃபாய்டு வகை 8. டெங்கு 7. எலிக்காய்ச்சல் 3. ஹான்டா 0.3. நாநூறு பேர்ல 0.3 சதவீதம்னா ஒரே ஒரு ஆள். நான் பஸ்ஸுல உட்கார்ந்து அந்த ஒரு ஆளைத் தேடிக்கிட்டு இருந்தேன், கண்ணு முன்னாடி நூத்தித் தொண்ணூறு பேர் நிக்கும்போது.

இந்த வியாதிகள் எல்லாமே ஒரே வேஷம் போடுதுங்க, அதுதான் சிக்கல். காய்ச்சல், உடம்பு வலி, பிளேட்லெட் குறைவு, நுரையீரல்ல தண்ணி. தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு எந்த மருந்து நல்லதுன்னு பார்க்க இந்தியாவுல 7 மையங்கள்ல சுமார் 800 பேர்கிட்ட ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2023-ல் வெளியானது. ரெண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தா நல்லதுன்னு முடிவு. அந்த நோயாளிகள்ல 62 சதவீதம் பேருக்கு நுரையீரல் பாதிப்பு. எக்ஸ்ரேவைப் பார்த்துட்டு ‘நிமோனியா’ன்னு எழுதுறது ரொம்ப சுலபம், எழுதினதுக்கப்புறம் கொடுக்கிற வழக்கமான பென்சிலின் வகை ஊசிகள் இந்தக் கிருமியைத் தொடாது. நாள்கள் போகும். 2025-ல் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் 37 கிராமத்துல சுமார் 32,000 பேரை ரெண்டு வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. அந்தக் கிராமங்கள்ல இது அரிதே இல்ல, மழைக்கப்புறம் குளிர் மாசங்கள்ல சாதாரணம்னு அது சொல்லுது.

இதுல பெரம்பலூர், அரியலூர் எங்க? அதைத்தான் நான் கேட்கிறேன். இவ்வளவு எண்ணும் வேலூர்லேருந்து வருது, ஏன்னா வேலூர்ல சிஎம்சி இருக்கு, எழுபது வருஷமா எண்ணுறாங்க. பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனதே 1995-ல். அரியலூர் 2001-ல் பிரிஞ்சு, 2002-ல் திரும்பவும் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிஞ்சது. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல். அதுவரைக்கும் மூச்சுத் திணறினா திருச்சி, இல்ல தஞ்சாவூர். ஒரு ஃபோன் போட்டு ‘உங்க பக்கம் உண்டா’ன்னு கேட்கிற டெம்பெஸ்ட் வேலையைச் செய்ய, நோயாளி ஒரே ஊர்ல தங்கணுமே. இங்க எங்க பெரியம்மா மாதிரி மூணு ஊர் மாறி, மூணு ஃபைல்ல மூணு பேர் எழுதப்பட்டு, கடைசி ஃபைல் வேற மாவட்டக் கணக்குல சேருது. அரியலூர்ப் பக்கம் முந்திரிக் காட்டுல சருகு பெருக்குறவங்களும், பெரம்பலூர்ல மக்காச்சோள மூட்டை ஏத்துறவங்களும் இந்தப் படத்துல எங்க இருக்காங்கன்னு காட்ட ஒரு வேலூர் அங்க இல்ல.

நம்ம டாக்டர்களைக் குறை சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. அந்த கிளினிக்ல ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க. தடுப்புகூட கிடையாது. ஆம்பளை டாக்டர், கிராமத்துப் பெண், வெளிய பெஞ்சுல இருபது பேர். பாவாடை நாடாவைத் தளர்த்திக் காட்டுங்கன்னு அவர் கேட்கணும், இவங்க காட்டணும். எனக்கு என்னமோ, மருந்தைவிட அங்க முதல்ல ஒரு திரைச்சீலையும் ஒரு நர்ஸம்மாவும்தான் வேணும்னு தோணுது.

வீட்டுல செய்யக்கூடியது ஒண்ணு ரெண்டு, அந்தத் திருச்சி டாக்டர் சொன்னது. காட்டு வேலைக்குப் போயிட்டு வந்தா அன்னைக்கே குளிச்சுத் துணியை மாத்தணும். அஞ்சு நாளைக்கு மேல காய்ச்சல்னா உடம்பு முழுக்க, மறைவான இடம் உட்பட, வீட்டுல ஒருத்தர் பார்க்கணும். எலிப் புழுக்கை கிடக்கிற அறையைக் காய்ஞ்ச விளக்குமாறால பெருக்கக் கூடாது. கதவைத் திறந்து காத்தாட விட்டு, பிளீச்சிங் கலந்த தண்ணி தெளிச்சு, ஊறினதும் துடைச்செடுக்கணும். டாக்டரைப் பார்க்கும்போது, அவர் கேட்காட்டாலும், என்ன வேலை செஞ்சோம், எங்க போனோம்னு நாமளே சொல்லிடணும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பெரியம்மா எழுந்து நடமாடுறாங்க, மாடி ஏறினா மட்டும் கொஞ்சம் இரைக்குது. மூட்டை அறையை நான்தான் சுத்தம் பண்ணினேன், மாஸ்க் போட்டுக்கிட்டு, பக்கெட் தண்ணியோட. அவங்க வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மூலையிலேருந்து ஒரு மூஞ்சூறு மோப்பம் பிடிச்சுக்கிட்டே சுவரோரமா ஓடுச்சு. நான் தோட்டப்பாளையம், 1964ன்னு கதையை ஆரம்பிச்சேன். பாதியிலயே, ‘அது இருக்கட்டும், அந்தக் கடைசி மூட்டையைத் தூக்கிப் பாரு, அடியிலதான் குட்டி போட்டிருக்கும்’ன்னாங்க.

போட்டிருந்தது. எலி, ஆறு குட்டி.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. உங்க ஊர்ல, உங்க வீட்டுல இப்படி ஒரு காய்ச்சல் கதை இருந்தா, பேர் போடாம குரல் பதிவா அனுப்புங்க, கேட்கிறேன்.